பனி கொட்டும் நாளில் பஸ்ஸா, காரா?

பனிக்காலத்தில் வேலைக்குப் போக பஸ் நல்லதா, கார் நல்லதா என்று யாரைக் கேட்டாலும் மனதில் ஓடும் படம் ஒன்றுதான். ஹீட்டர் ஓடும் கார் ஒரு பக்கம். மூக்கு சிவந்து, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்காக நிற்கும் ஆள் மறுபக்கம். இப்படிப் பார்த்தால் எப்போதும் கார்தான் ஜெயிக்கும். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு கோணல் இருக்கிறது. காரின் நல்ல நேரத்தை எடுத்து பஸ்ஸின் கெட்ட நேரத்தோடு மோதவிடுகிறோம்.

இரண்டுக்குமே மோசமான கால் மணி நேரம் என்று ஒன்று உண்டு. பஸ்ஸில் போகிறவருக்கு அது நிறுத்தத்துக்கு நடக்கும் வழியிலும், அங்கே நிற்கும்போதும் வருகிறது. காரில் போகிறவருக்கு ஓட்டும்போது வருகிறது. பெரும்பாலும் ஓர் இறக்கத்திலோ, சிக்னலை நெருங்கும்போதோ. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உங்களால் தாங்கக்கூடியது என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள், பனி விழுந்துகொண்டிருக்கும் நாளில், நான் பஸ் பக்கம். மற்ற நாட்களில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும்?

முதலில் சாலையைப் பார்ப்போம். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் குணகம், அதாவது பிடிமானத்தின் அளவு, சுமார் 0.7. வண்டிகள் ஏறி ஏறி இறுகிப்போன பனியில் அது 0.2 அளவுக்கு இறங்கும். ஐஸ் மேல் 0.1 இருந்தால் பெரிது. இதை மீட்டரில் சொன்னால்தான் உறைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் காய்ந்த சாலையில் வண்டி 14 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் கிட்டத்தட்ட 50 மீட்டர். ஐஸில் 100 மீட்டரை நெருங்கிவிடும். ஆபத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. அதற்குத் தனியாக ஒரு 14 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"நான் மெதுவாகத்தானே போகிறேன்" என்பது அடுத்த சமாதானம். சரி, 30 கிலோமீட்டர் வேகம் என்றே வைத்துக்கொள்வோம். ஐஸ் மேல் அப்போதும் 35 மீட்டர் ஆகும். காய்ந்த சாலையில் 50இல் போகிறவர் நிற்பதற்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

புதிதாகப் பனி ஊருக்கு வந்தவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஐஸ் மிக மோசமாக வழுக்குவது உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில்தான். அப்போதுதான் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. மைனஸ் 20இல் அதே ஐஸ் கொஞ்சம் சொரசொரப்பாகவே இருக்கும். ஆனால் அந்தக் குளிரில் வேறொரு சிக்கல் வந்துவிடும். சாலையில் தூவும் உப்பு மைனஸ் 9, 10க்குக் கீழே போனால் சோம்பேறியாகிவிடும். மைனஸ் 21க்குக் கீழே வெறும் உப்பால் எந்தப் பயனும் இல்லை. மணலோ, பொடிக்கல்லோ, வேறு ரசாயனமோதான் தூவ வேண்டும். ஆக, மைனஸ் 1 என்று செயலி காட்டும் காலையை "இன்று பரவாயில்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவில் லேசாக மழை பெய்து விடியலில் உறைந்திருந்தால், அதுதான் ஆண்டின் மிக மோசமான காலையாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிளாக் ஐஸை எப்படிக் கண்டுபிடிப்பது? சாலை ஈரமாக மின்னுகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அது தண்ணீர் இல்லை. பாலங்கள் மற்ற சாலைக்கு முன்பே உறையும், கீழிருந்தும் காற்று குளிர்விப்பதால்.

இந்த இயற்பியல் பஸ்ஸுக்கும் காருக்கும் பொது. பன்னிரண்டு டன் பஸ் கனத்தால் சட்டென்று நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கனம் கூடினால் பிடிமானம் கூடும். நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவு கூடும். இரண்டும் கழிந்துபோய் நிற்கும் தூரம் ஏறக்குறைய அதேதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: மோதல் என்று வந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதில். ஒன்றரை டன் கார் வழுக்கி வந்து பஸ்ஸில் இடித்தால் பஸ் பயணி பெரும்பாலும் ஒரு குலுக்கலோடு தப்பிவிடுவார். கார்க்காரருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஒரு பயணி போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உயிரிழப்பு என்று கணக்கிட்டால் பஸ் காரைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. இது பனி இல்லாத காலத்துக்கும் பொருந்தும்.

கார் என்றால் முதல் கேள்வி டயர்

வண்டியில் பனிக்கால டயர் இல்லையென்றால் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு பஸ் நேரத்தைப் பாருங்கள். மிகைப்படுத்தவில்லை. கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும்படி கலக்கப்பட்டது. தரையைத் தொடும் அதன் ரப்பர் கட்டைகளில் குறுக்கே ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் ஒவ்வொன்றும் பனியைக் கவ்வும் விளிம்புகள். வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிப்படிகச் சின்னமும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னம் பனியில் சோதித்த டயருக்குத்தான் கிடைக்கும். 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் அறிவிப்பு. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் பனிக்காலச் சாலைக்கு வெறும் அந்த எழுத்து செல்லாது.

முன் சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு வாங்கிப் போட்டுச் சிக்கனம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட எதுவும் மாற்றாமல் விடுவதே மேல் என்று சொல்லத் தோன்றும். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். நான்கும் மாற்ற வேண்டும். தேய்மானமும் முக்கியம். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும் என்றாலும், பனியில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது பெயருக்குத்தான் பனிக்கால டயர்.

ஆல் வீல் டிரைவ் இருக்கிறது என்ற தைரியம் அடுத்தது. நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி நன்றாகக் கிளம்பும், மேட்டில் ஏறும். பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காரிலும் நான்கு சக்கரமும்தான் பிடிக்கின்றன. அங்கே எந்தச் சலுகையும் இல்லை. சொல்லப்போனால் நன்றாகக் கிளம்புவதே ஒரு பொறி. சாலை வழுக்குகிறது என்ற செய்தி டிரைவருக்குத் தாமதமாகத்தான் கிடைக்கும், அதுவும் வேகம் எடுத்த பிறகு. ஏ.பி.எஸ். பற்றியும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. உதிரிப் பனியில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டக்கூடச் செய்யும். அதன் வேலை சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும்படி வைப்பது. மிதி கடகடவென்று அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள்.

அப்புறம் ஓட்டுவதற்கு முந்தைய வேலை. கார் வேகமானது என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதே இல்லை. கண்ணாடியைச் சுரண்ட வேண்டும். விளக்குகளைத் துடைக்க வேண்டும். கூரை மேல் இருக்கும் பனியை முழுதாகத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் சிக்னலில் பிரேக் பிடித்ததும் மொத்தமும் சரிந்து வந்து முன் கண்ணாடியை மூடிவிடும். வைப்பர் அதைத் தள்ளாது. நீங்கள் சாலை நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். இது போதாதென்று, தெருவைச் சுத்தம் செய்யப் போன வண்டி உங்கள் வாசலை அடைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போயிருக்கும். அது புதுப்பனி போலப் பஞ்சாக இருக்காது. உப்பும் சேறும் கலந்து கட்டிதட்டிப் போயிருக்கும். அரைமணி நேரம் மண்வெட்டி பிடித்த பிறகுதான் பயணமே தொடங்கும். மாலையில் திரும்பி வந்ததும் அதே வேலை மறுபடியும் காத்திருக்கும். பனிநாளில் தெருவோரம் கார் நிறுத்தத் தடை போடும் ஊர்களில், நிறுத்த இடம் தேடுவது தனிக்கதை.

பேட்டரியையும் மறந்துவிட வேண்டாம். மைனஸ் 18 அளவில் சாதாரண ஈய அமில பேட்டரியின் கிளப்பும் சக்தி பாதிக்கு அருகில் வந்துவிடும். எஞ்சின் எண்ணெய்யோ அப்போதுதான் கெட்டியாகி அதிகச் சக்தி கேட்கும். மின்சாரக் கார்களில் கிளம்புவது பிரச்சினை இல்லை. ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கணிசமாகக் குறையும், ஹீட்டரும் அதே பேட்டரியில்தான் கை வைக்கும்.

பஸ் வெல்லும் இடமும் தோற்கும் இடமும்

பஸ்ஸுக்கு ஆதரவாக நான் முதலில் வைக்கும் வாதம் வண்டியைப் பற்றியது அல்ல, டிரைவரைப் பற்றியது. அதே வழித்தடத்தை நாள் முழுக்க ஓட்டுகிறவர். எந்தத் திருப்பத்தில் வெயில் படாமல் ஐஸ் உருகாமல் கிடக்கும், எந்த மேட்டில் நின்றால் மறுபடி கிளம்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குக் கிடைப்பது காலையில் ஓர் ஓட்டம், மாலையில் ஓர் ஓட்டம். அதுவும் தூக்கக் கலக்கத்திலும் வேலைக் களைப்பிலும்.

நகரப் பேருந்தில் பெரும்பாலும் எஞ்சின் பின்னால், இழுக்கும் சக்கரமும் பின்னால். எஞ்சின் கனம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் பனியில் கிளம்புவது சுலபம். சில பஸ்களில் தானியங்கிச் சங்கிலியும் இருக்கும். டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அடியில் இருந்து ஒரு சின்னச் சக்கரம் இறங்கி டயரின் உள்பக்கத்தில் உரசிச் சுழலும்; அதில் தொங்கும் சங்கிலித் துண்டுகள் விசிறி போல விரிந்து டயருக்கு அடியில் போய் விழும். யாரும் இறங்கிக் குனிய வேண்டியதில்லை.

இத்தனையும் இருந்தும் பஸ் தோற்கும் இடம் செங்குத்தான தெரு. 2016 டிசம்பர் 5 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் பீவர் ஹால் இறக்கத்தில் நடந்தது உலகம் முழுக்க வீடியோவாகச் சுற்றியது. பஸ்கள், கார்கள், உதவிக்கு வந்த போலீஸ் கார், கடைசியில் பனி அகற்ற வந்த வண்டி என்று ஒவ்வொன்றாக மேலிருந்து வழுக்கி வந்து முன்னால் நின்றதில் இடித்தன. யாருடைய பிரேக்கும் பழுது இல்லை. இறக்கத்தில் ஐஸ் இருந்தது, அவ்வளவுதான். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பனிக்கால டயர் கட்டாயமாகும் தேதி அப்போது டிசம்பர் 15. பனி பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது. 2019இலிருந்து அந்தத் தேதி டிசம்பர் 1 ஆகிவிட்டது. ஆனால் கார்களுக்குப் போடும் இந்தக் கறாரை எல்லா ஊரிலும் பஸ்ஸுக்கு எதிர்பார்க்க முடியாது. பல நகரங்களில் பஸ்கள் ஆண்டு முழுக்க ஒரே வகை டயரிலேயே ஓடுகின்றன.

நடுவில் மடிப்பு வைத்த நீளமான இரட்டைப் பஸ்கள் இன்னும் மோசம். பலவற்றில் கடைசி அச்சுதான் தள்ளும். முன்பாதி வழுக்கினால் பின்பாதி விடாமல் தள்ளிக்கொண்டே வந்து, மடக்குக் கத்தி போல வண்டி மடிந்து தெருவை அடைத்துக்கொள்ளும். இதனால்தான் மேடும் பள்ளமுமான சியாட்டில் நகரில் பனி நாளுக்கென்றே தனி வழித்தடங்கள் வைத்திருக்கிறார்கள். செங்குத்தான தெருக்களை விட்டுவிட்டு பஸ் சுற்றிப் போகும். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கலாம். பனிக்காலம் தொடங்கும் முன்பே அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கமான நிறுத்தத்தில் பனி நாளில் பஸ்ஸே நிற்காது என்பதை முக்கால் மணி நேரம் நின்ற பிறகு கண்டுபிடிப்பது கொடுமை.

நேரம்? பனி நாளில் பஸ் அட்டவணையைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. முதல் பஸ் தாமதமானால் நிறுத்தங்களில் ஆள் சேரும். ஆள் ஏற நேரம் ஆவதால் அது மேலும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ் ஏற ஆள் இல்லாமல் வேகமாக வந்து முன்னதை எட்டிப்பிடிக்கும். கடைசியில் அரைமணி நேரம் ஒன்றும் வராமல் மூன்று சேர்ந்தாற்போல வரும். செயலியில் பஸ் இப்போது எங்கே நிற்கிறது என்று நேரடியாகப் பார்க்க முடிந்தால் அதை நம்புங்கள், கால அட்டவணையை அல்ல. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வழி என்றால் இந்தத் தாமதம் கூட்டலாக வராது, பெருக்கலாக வரும். பஸ் மாறாமல் போகும் வழி உங்களுக்கு இருக்கிறதா என்பது, என் கணக்கில், தூரத்தைவிடப் பெரிய கேள்வி.

நிறுத்தம்வரை நடக்கும் அந்த ஐந்நூறு மீட்டர்

பஸ்ஸின் மோசமான கால் மணி நேரம் இங்கேதான் இருக்கிறது. பஸ் பாதுகாப்பானது என்று சொல்லும் புள்ளிவிவரம் எதுவும் நீங்கள் நடைபாதையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வதைச் சேர்ப்பதில்லை. போக்குவரத்து விபத்து என்ற பட்டியலில் அது வருவதே கிடையாது. எலும்பு முறிவு வார்டில்தான் வரும்.

காரணம் எளிது. பனி அகற்றும் வண்டிகள் பெரிய சாலையை முதலில் பார்க்கும், நடைபாதையைக் கடைசியில். சாலையிலிருந்து ஒதுக்கிய பனி எங்கே போகும்? நடைபாதை விளிம்பில், சரியாக பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் குவியும். சுவீடனின் கார்ல்ஸ்கூகா என்ற சிற்றூர் 2011இல் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. நடைபாதை, சைக்கிள் பாதை, பஸ் நிறுத்தம், குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் வழி ஆகியவை முதலில். பெரிய சாலை பிறகு. நடப்பவர்களிலும் பஸ்ஸில் போகிறவர்களிலும் பெண்களே அதிகம், பனியில் அடிபடுவது கார்க்காரர்களைவிட நடப்பவர்களே அதிகம் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. மூன்றங்குலப் பனியில் கார் ஓட்டுவது, அதே பனியில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைவிடச் சுலபம் என்பது அவர்கள் வாதம். மறுக்க முடியாத வாதம். ஸ்டாக்ஹோமும் பிறகு இதே வழிக்கு வந்தது. 2016 நவம்பரில் எதிர்பாராத அளவு பனி கொட்டி ஊரே ஸ்தம்பித்தபோது இந்தக் கொள்கைக்கு நிறையத் திட்டு விழுந்தது. ஆனால் அவ்வளவு பனிக்கு எந்த வரிசையில் தள்ளினாலும் ஊர் நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜப்பானின் சப்போரோவில் வேறு வகை அனுபவம். ஆண்டுக்கு ஐந்து மீட்டரை நெருங்கும் பனி விழும் பெருநகரம் அது. சாலையை அரைத்துத் தூசி கிளப்புகின்றன என்று ஆணி பதித்த டயர்களை ஜப்பான் 1990களின் தொடக்கத்தில் தடை செய்தது. தூசி போனது. ஆனால் ஆணி கொத்தாத பனியை மென்மையான டயர்கள் தேய்த்துத் தேய்த்துச் சாலைச் சந்திப்புகளை மெருகேற்றிவிட்டன. அதனால் சாலை கடக்கும் இடங்களில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் யாரும் எடுத்துத் தன் காலுக்கு முன்னால் தூவிக்கொண்டு நடக்கலாம். கார்க்காரருக்கு நல்ல டயர் எப்படியோ, பஸ் பயணிக்குக் காலணி அப்படி. ஆழமான வெட்டுள்ள இளகிய அடிப்பாகம், ஐஸ் நாளுக்கு மேலே மாட்டிக்கொள்ளும் முள் பட்டை. பஸ்ஸில் ஏறும் முன் அந்த முள் பட்டையைக் கழற்றிவிடுங்கள். வழவழப்பான பஸ் தரையில் அதுவே வழுக்கிவிடும்.

நிறுத்தத்தில் விளிம்பை ஒட்டி நிற்காதீர்கள். தண்ணீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். வழுக்கும் பஸ் அந்தச் சரிவில் நடைபாதைப் பக்கமாகத்தான் நகரும். பஸ் முழுதாக நின்று கதவு திறக்கும்வரை இரண்டு மூன்றடி தள்ளி நில்லுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை வெப்பமானியைவிடக் காற்றைப் பாருங்கள். மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். காற்றையும் சேர்த்த குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்துபோகலாம். பஸ் எப்போது வரும் என்று தெரியாத நாளில், காற்றைத் தடுக்கும் கூண்டு இல்லாத நிறுத்தத்தில், கைக்குழந்தையோடோ வயதானவரோடோ நிற்பது எனக்குச் சம்மதமில்லை. அங்கே என் பஸ் ஆதரவு முடிந்துவிடுகிறது.

வழியில் மாட்டிக்கொண்டால்

பஸ்ஸும் காரும் ஒரே சாலையில்தான் போகின்றன. சாலை அடைபட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். 2011 பிப்ரவரியில் சிகாகோவின் லேக் ஷோர் டிரைவில் பனிப்புயலில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுக்கப் புதைந்து கிடந்தன. அவற்றில் மாநகரப் பஸ்களும் இருந்தன. 2014 ஜனவரியில் அட்லாண்டாவில் விழுந்தது ஐந்தாறு சென்டிமீட்டர் பனிதான். ஆனால் பனியைக் கண்டதும் அலுவலகம், பள்ளி எல்லாம் ஒரே நேரத்தில் விட்டார்கள். மொத்த நகரமும் ஒரே மணி நேரத்தில் சாலைக்கு வந்து, உப்பு வண்டிகள் நுழையக்கூட இடமில்லாமல் உறைந்தது. பள்ளிப் பேருந்துகள் நடுவழியில் நின்றன. ஏராளமான குழந்தைகள் பள்ளியிலேயே இரவைக் கழித்தார்கள். அன்று பஸ்ஸோ காரோ, எதில் கிளம்பினார்கள் என்பதைவிட எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்பதே வீடு சேர்வதைத் தீர்மானித்தது.

மாட்டிய பிறகு மட்டும் நிலைமை வேறு. பஸ்ஸில் டிரைவரிடம் ரேடியோ இருக்கும், கட்டுப்பாட்டு அறைக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியும், சுற்றிலும் மனிதர்கள் இருப்பார்கள். காரில் நீங்கள் தனி. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை உறைந்து நின்றபோது, இரண்டு மணி நேரப் பயணம் என்று கிளம்பிய செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் காரிலேயே கிடந்தார். அந்த நெரிசலில் செனட்டருக்கென்று தனி வழி எதுவும் இல்லை. எரிபொருள் பாதிக்கு மேல், போர்வை, தண்ணீர், சின்ன மண்வெட்டி, டார்ச், போன் சார்ஜர் ஆகியவை இல்லாமல் பனிக்காலத்தில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நின்ற காரில் எஞ்சினை ஓட விட்டுக் கதகதப்பாகத் தூங்கிவிடாதீர்கள். புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் இறங்கிப் போய்க் குழாயைச் சுற்றித் தோண்டிவிடுங்கள். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, காற்று வராத பக்கத்து ஜன்னலை ஒரு விரலளவு திறந்து வையுங்கள். காரை விட்டு நடக்கத் தொடங்குவது பெரும்பாலும் தவறான முடிவு. புயலில் இருநூறு மீட்டரில் திசை தெரியாமல் போய்விடும்.

எந்த நாளில் எது

பனி விழுந்துகொண்டிருக்கிறது, நகரத்துக்குள் பயணம், வீட்டுக்கு அருகில் நேரடி பஸ் இருக்கிறது: பஸ். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும், ஆகட்டும். அலுவலகத்தில் எல்லாரும் தாமதமாகத்தான் வருவார்கள். உங்கள் வழி மலைத்தெரு என்றால் மட்டும், சமதளத்தில் இருக்கும் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போய் ஏறுங்கள்.

புயல் ஓய்ந்து ஒரு நாள் கழித்து, சாலை கறுப்பாகத் தெரிகிறது, ஆனால் நடைபாதை இன்னும் ஐஸ் பாளமாகக் கிடக்கிறது: இங்கே நான் கட்சி மாறிவிடுவேன். நல்ல டயர் இருந்தால் கார்தான். பஸ்ஸின் மோசமான பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது, காரின் மோசமான பகுதி பெரும்பாலும் உருகிவிட்டது. பலர் இதை நேர்மாறாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். புயல் நாளில் வீம்புக்குக் கார் எடுத்து, அதில் பயந்துபோய், மறுநாள் பஸ்ஸுக்கு நடந்து வழுக்கி விழுவார்கள்.

வயதானவர்களுக்கு நடையின் ஆபத்து சாலையின் ஆபத்தைவிடப் பெரிது. இடுப்பெலும்பு முறிவிலிருந்து மீள்வது எழுபது வயதுக்கு மேல் சாதாரண விஷயமல்ல. அவர்கள் தாங்களே ஓட்டவும் வேண்டாம், நிறுத்தத்துக்கு நடக்கவும் வேண்டாம். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் டாக்சியோ, பிள்ளைகளின் காரோதான் சரி. ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று ஒரு போன் போட்டுக் கேட்பது அதைவிடச் சரி.

புறநகரில் இருந்துகொண்டு நகருக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டையும் கலப்பது உண்டு. வீட்டிலிருந்து பஸ் முனையம்வரை கார், அங்கிருந்து பஸ். காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில், சுத்தம் செய்யாத உள் தெருக்களை நீங்களே ஓட்டிக் கடந்து, நன்றாக உப்புத் தூவிய பெரிய சாலையை டிரைவரிடம் விடுகிறீர்கள். கஷ்டமான பாதி உங்களுக்கு. மாலையில் திரும்பும்போது திறந்தவெளியில் நிறுத்திய காரை மறுபடி தோண்டவும் வேண்டும். நிறுத்துமிடம் கூரை போட்டது என்றால் யோசிக்கலாம்.

ஊர்விட்டு ஊர் போகும் நெடும்பயணத்தில் தொலைதூரப் பஸ்ஸுக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது: நிலைமை மோசமானால் கம்பெனியே பயணத்தை ரத்து செய்துவிடும். அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. காரில் அந்த முடிவு உங்கள் கையில் இருக்கும்; பை கட்டியாகிவிட்டது, அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள், "பார்த்துப் போகலாம்" என்று கிளம்பிவிடுவோம். நெடுஞ்சாலைப் பஸ்ஸில் சீட் பெல்ட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பலரும் போடுவதில்லை. பஸ் கவிழும் அபூர்வமான விபத்துகளில் அதுதான் காப்பாற்றும்.

உறைமழை நாளில் மட்டும் இந்த ஒப்பீடே செல்லாது. மேலே மழையாக வந்து தரையைத் தொட்டதும் கண்ணாடியாக உறையும் அந்த மழைக்குப் பனிக்கால டயரும் பதில் இல்லை, முள் பட்டையும் பாதிதான் பதில். மரக்கிளை ஒடியும், மின்கம்பி அறுந்து விழும், பஸ்களையும் நிறுத்திவிடுவார்கள். முந்தின இரவே முன்னறிவிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தால், வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று அப்போதே தகவல் அனுப்பிவிடுங்கள். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை.